கியர்பாக்ஸை இறக்கும் முன்: நான்கு சக்கர இயக்க வண்டிகளில் கோளாறு கண்டறிதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார், ஜிம்னி, ஃபார்ச்சூனர், டஸ்டர், கோடியாக் என்று எல்லாவற்றையும் ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்ற ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். அடியில் படுத்துப் பார்த்தால் ஒன்றின் அமைப்பு இன்னொன்றில் இல்லை. ஒரு வண்டியில் இயல்பாக இருப்பது இன்னொரு வண்டியில் கோளாறு. ‘கியர்பாக்ஸ் போயிடுச்சு’ என்று வரும் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கும். டயரோ, வீல் பேரிங்கோ, சென்சார் ஒயரோ, பழைய ஆயிலோதான் காரணமாக இருக்கும். செலவில்லாத சோதனையில் தொடங்கி, கழற்ற வேண்டிய சோதனைக்குக் கடைசியில் போவதுதான் இந்தப் பக்கத்தின் வரிசை.

என் வண்டி எந்த வகை? அது தெரியாமல் சோதிக்க முடியாதா?

முடியாது. வண்டி திரும்பும்போது நான்கு சக்கரமும் நான்கு வேகத்தில் சுற்றுகின்றன. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே வரும் அந்த வித்தியாசத்தை எந்தப் பாகம் தாங்குகிறது என்பதை வைத்துத்தான் வகை பிரிக்க வேண்டும்.

முதல் வகை, தேவைப்படும்போது மட்டும் லீவரையோ பொத்தானையோ போட்டு முன் ஆக்ஸிலைச் சேர்ப்பது. தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி, இந்தியாவில் விற்கும் ஃபார்ச்சூனர் 4x4 எல்லாம் இந்த வகை. 2எச் (இரு சக்கர இழுவை), 4எச் (நான்கு சக்கர இழுவை), 4எல் (நான்கு சக்கர இழுவை, மெதுவாக ஆனால் அதிக பலத்தோடு) என்று இருக்கும். நடு டிஃபரன்ஷியல் (முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. 4எச் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் இரும்புக்கு இரும்பாகப் பூட்டிக்கொள்ளும். வித்தியாசத்தைத் தாங்க டயர் வழுக்கியாக வேண்டும். வேறு வழியே இல்லை.

இரண்டாம் வகையில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும். லேண்ட் குரூசர் இதற்கு நல்ல உதாரணம். மேனுவல் கியர் போட்ட சுபாரு பலவற்றில் நடு டிஃபரன்ஷியலுடன் விஸ்கஸ் கப்ளிங்கும் (கெட்டியான திரவத்தால் இரு பக்கத்தையும் பிணைப்பது) இருக்கும்.

மூன்றாவது, முன்சக்கர இயக்க வண்டியின் பின்பக்கம் ஒரு கிளட்ச் கப்ளிங் வைத்தது. முன் சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் கப்ளிங்கை இறுக்கி, பின் சக்கரத்துக்கும் இழுவையை அனுப்பும். டஸ்டரில் மின்காந்தக் கப்ளிங். கோடியாக், டிகுவான், ஆடி க்யூ3 போன்றவற்றில் ஹால்டெக்ஸ் எனப்படும் ஆயில் அழுத்தக் கப்ளிங்.

வளைவில் திரும்பும்போது வண்டி பிடித்து இழுக்கிறது, பிரேக் பிடித்த மாதிரி இருக்கிறது. ஏன்?

முதல் வகை வண்டி என்றால், முதலில் டேஷ்போர்டைப் பாருங்கள். 4எச் விளக்கு எரிந்தால் அது கோளாறே அல்ல.

ஒரு கணக்கு போட்டால் புரியும். ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,590 மி.மீ. ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி சுமார் 5.63 மீட்டர் ஆரத்தில் திரும்பும். அரை வட்டம் முடிவதற்குள் முன்பக்கம் சுமார் 2 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். 195/80 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.18 மீட்டர். அதாவது ஒரே வளைவில் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று வித்தியாசம்! இடது வளைவானாலும் வலது வளைவானாலும் கூடுதலாக ஓடுவது முன்பக்கம்தான். எனவே ஒரு வளைவில் சேர்ந்ததை அடுத்த வளைவு கழித்துவிடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளையும் காய்ந்த தாரில் 4எச்-சில் ஏறினால், அறுபது சுற்றுக்கு மேல் டயர் தேய்த்தே தீர்க்க வேண்டும். டயர் தேயாதபோது அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) செயினிலும் ஷாஃப்ட்டின் கிராஸிலும் (சிலுவை வடிவ ஜாயின்ட்) ஆக்ஸிலிலும் ஏறி நிற்கும். ‘மலைப்பாதைதானே, 4எச் போட்டுக்கலாம்’ என்பது தவறான பழக்கம். மலையாக இருப்பது பொருட்டல்ல. தரை காய்ந்திருக்கிறதா, வழுக்குகிறதா என்பதுதான் பொருட்டு. வால்பாறைப் பாதையில் அடைமழையில் சேறு இறங்கியிருந்தால் போடலாம். வெயிலில் வேண்டாம்.

மூன்றாவது வகை வண்டி பிடித்து இழுத்தால் அது உண்மையான அறிகுறி. கப்ளிங் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, நடக்கும் வேகத்தில் எட்டு போட்டுப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக உருளாமல் நின்றுவிட்டால், அல்லது உள்பக்க டயர் துள்ளினால், ‘லாக்’ பொத்தான் அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டயர் அளவு, பிறகு கப்ளிங்கின் மின் இணைப்பு, பிறகு கப்ளிங் ஆயில் என்று போக வேண்டும். கப்ளிங் இணைப்பைக் கழற்றிவிட்டு அதே எட்டைப் போடலாம். (விளக்கு எரியும், எரியட்டும்.) இழுப்பு போய்விட்டால் கட்டளை அனுப்புகிற பக்கத்தில் பிரச்சினை. போகவில்லையென்றால் உள்ளே கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன.

நான்கு வேக ஆட்டோமேட்டிக் போட்ட பழைய சுபாருவில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. எஞ்சின் அறையிலுள்ள ‘எஃப்டபிள்யூடி’ (முன்சக்கர இயக்கம்) இடத்தில் ஒரு ஃபியூஸைச் செருகினால் பின் இழுவை நின்றுவிடும். செருகிய பிறகும் பிடித்து இழுத்தால் கிளட்ச் தட்டோ சொலினாய்டோ (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

4எச்-சிலிருந்து 2எச்-சுக்கு லீவர் வரவே மாட்டேன் என்கிறது.

மேலே சொன்ன முறுக்குதான் பல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. லீவரைப் பலம்கொண்டு இழுத்தால் ஷிஃப்ட் ஃபோர்க் (உள்ளே கியரை நகர்த்தும் கவை) வளையும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து ஐந்தாறு மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். எடுத்துக்கொண்டே லீவரில் லேசாக அழுத்தம் கொடுங்கள். ‘டக்’கென்று விழும். அல்லது ஒரு பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்குங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கை கால் தள்ளி வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். முறுக்கு விடும்போது சக்கரம் திடீரென்று சுற்றும்.

ஒரு டயர் மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

முதல் வகையில் 2எச்-சில் ஓட்டும்வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. மற்ற இரு வகைகளில் அந்த ஒரு டயர் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கலாம்.

டஸ்டரின் 215/65 ஆர்16 டயரின் சுற்றளவு சுமார் 2,155 மி.மீ. பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) உயரத்தில் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் சுற்றளவில் ஏறக்குறைய 19 மி.மீ. வரும். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 464 முறை சுற்றுகிறது. எனவே கிலோமீட்டருக்கு 4 சுற்று. சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் ஆயிரம் சுற்றுக்கு மேல். இவ்வளவும் நேர்ச்சாலையில்! முன் சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, கப்ளிங்கை விடாமல் இறுக்கிக்கொண்டே இருக்கும். தட்டு சூடேறி ஆயில் கருகும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் வரம்பு மாறும். நான்கு டயருக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் விடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான வண்டிகளுக்குப் பாதுகாப்பு. சுபாரு சொல்லும் வரம்பு சுற்றளவில் 6 மி.மீ.; பட்டனில் பார்த்தால் ஒரு மி.மீ. மட்டுமே. ஒரே பிராண்ட், ஒரே மாடல் வேண்டும். அளவு எண் ஒன்றாக இருந்தாலும் இரு கம்பெனி டயர்களின் உண்மைச் சுற்றளவு ஒன்றாக இருக்காது. அளக்கச் சுலப வழி: காற்றைச் சமமாக வைத்து, டயரின் அடியிலும் தரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியை நேராக ஐந்து சுற்று தள்ளி, தூரத்தை டேப்பில் அளந்து ஐந்தால் வகுங்கள். நான்கு சக்கரத்துக்கும் இதையே செய்யுங்கள்.

ஸ்டெப்னியை மாட்டி ஓட்டும்போதும் இதே கணக்குதான். பஞ்சர் கடை வரைக்கும் சரி. ஊர் போய்ச் சேரும் வரைக்கும் கூடாது.

‘ஊங்’ என்று ஒரு சத்தம். டயரா, பேரிங்கா, கியர்பாக்ஸா, கிரவுனா?

ஒரு நல்ல சாலையில் இருபது நிமிடம் ஓட்டினால் பாதி விடை கிடைக்கும். சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்று கேளுங்கள்: எஞ்சின் வேகத்தையா, வண்டி வேகத்தையா?

சத்தம் வரும் வேகத்தில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது, கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்கள். (இறக்கத்தில் வேண்டாம்.) சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சினும் கிளட்ச்சும் தப்பித்தன. மிச்சமிருப்பவை டயர், வீல் பேரிங், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். பட்டன்மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவினால் ரம்பம் போல் ஒரு பக்கம் உரசும்.

வீல் பேரிங் என்றால், 50-60 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைக்கும்போது தெரிந்துவிடும். இடதுபக்கம் திரும்பும்போது பாரம் வலதுபக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலதுபக்கப் பேரிங்கைச் சந்தேகப்படலாம். உறுதிப்படுத்த, சக்கரத்தைத் தூக்கி ஒரு கையால் சுற்றி, மறு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். காது ஏமாறும், கை அவ்வளவாக ஏமாறாது.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளை, விட்டால் நிற்கிறது. அல்லது விடும்போது மட்டும் ஊளை. இவை கிரவுன்-பினியன் (ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரப் பக்கம் திருப்பும், டிஃபரன்ஷியலின் பற்சக்கர ஜோடி) சத்தங்கள். முன்னதில் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் தேய்ந்திருக்கும். பின்னதில் பெரும்பாலும் பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்திருக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றி, பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட் மாட்டும் தட்டு) பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ப்ளே (ஆட்டம்) தெரியும். அங்கே ஒரு துளி ப்ளேகூட இருக்கக் கூடாது. சீல் மாற்றியவர் பினியன் நட்டைக் குத்துமதிப்பாக இறுக்கியிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் இந்தச் சத்தம் வரும்.

வண்டி நிற்கும்போதே, நியூட்ரலில், கிளட்ச்சை மிதித்தால் சத்தம் போய், விட்டால் வந்தால் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த கியரின் பற்களோ பேரிங்கோ. இந்த ஒரு நிலையில்தான் கியர்பாக்ஸை இறக்குவது பற்றிப் பேசலாம்.

முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘கட கட’.

வெளிப்புற சிவி ஜாயின்ட் (சக்கரம் ஒடிந்தாலும் ஷாஃப்ட்டைச் சுற்ற விடும் மூட்டு). ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் ரிம்மின் உள்பக்கம் தெறித்திருக்கும். நேராகப் போகும்போது மிதித்தால் ஸ்டீயரிங் அதிர்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்றால் உள்புற ஜாயின்ட். பூட் கிழிந்த அன்றே பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும்தான் செலவு. மணல் உள்ளே போன பிறகு ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும்.

டி-யிலிருந்து ஆர் போடும்போதும், முதல் கியரில் கிளம்பும்போதும் ‘டக்’ என்று ஒரு அடி.

ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் இருக்கிற ப்ளே கூடிக்கூடி வருவது அது. சமதளத்தில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் விட்டு, அடியில் போய் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை (ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட்) கையால் இரு பக்கமும் திருப்புங்கள். கிராஸில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் கிராஸ் போய்விட்டது. கிராஸ் கப்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி இருந்தாலும், மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல் ‘கீச் கீச்’ கேட்டாலும் அதே தீர்ப்புதான். டிஃபரன்ஷியல் பக்கம் கொஞ்சம் ஆட்டம் இயல்பு. கிரவுன்-பினியன் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி) பொதுவாக 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். அதை டயல் கேஜ் வைத்துத்தான் சொல்ல முடியும்.

சிக்னலில் வண்டி நின்று ஒரு நொடி கழித்து ஒரு தட்டு, கிளம்பும்போது இன்னொன்று. பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி இருக்கும். ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஸ்பிலைன் (நீண்டு சுருங்கும் இணைப்பு) காய்ந்திருக்கும். நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னில் நாலைந்து அடி போதும். ஸ்லிப் விரியும் வரை அடித்துத் தள்ளாதீர்கள். கிரீஸ் உள்ளே அடைத்து நின்று, ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட் சுருங்க முடியாமல் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கை முட்டும். எஞ்சின் மவுன்ட், கியர்பாக்ஸ் மவுன்ட் கிழிந்தாலும் இதே ‘டக்’ வரும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் போட, இன்னொருவர் பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்த்தால் எஞ்சின் எழும்பி விழுவது தெரியும்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பிரிப்பது?

60 கி.மீ. வேகத்தில் டஸ்டர் அளவு சக்கரம் நொடிக்கு 8 முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியல் விகிதத்துக்கு ஏற்ப, உதாரணமாக விகிதம் 4.1 என்றால், நொடிக்குச் சுமார் 32 முறை. சக்கரத்தின் அதிர்வை எண்ண முடியும் போல் தோன்றும். ஸ்டீயரிங்கிலோ சீட்டிலோ தெரியும். ஷாஃப்ட்டின் அதிர்வு எண்ண முடியாத ரீங்காரம். தரையிலும் கியர் லீவரிலும் வரும். ஷாஃப்ட்டைக் கழற்றிய யாராவது ஃபிளாஞ்சில் அடையாளம் போடாமல் மாற்றி மாட்டியிருக்கலாம். ஃபிளாஞ்சை 180 டிகிரி திருப்பி மாட்டியதும் சரியாகிவிடும் வண்டிகள் உண்டு. வண்டியை உயர்த்தும் கிட் போட்ட பிறகு வந்த அதிர்வு என்றால் கிராஸின் கோணம் மாறிவிட்டது. பேலன்ஸ் செய்து பயனில்லை.

ஏபிஎஸ், டிராக்ஷன், நான்கு சக்கர இயக்க விளக்குகள் மூன்றும் ஒன்றாக எரிகின்றன. கப்ளிங் போய்விட்டதா?

மூன்றும் ஒரே சமயத்தில் எரிந்தால், முதலில் வீல் ஸ்பீடு சென்சாரைப் பாருங்கள். கப்ளிங்கை எவ்வளவு இறுக்குவது என்று கணக்கிட, ஏபிஎஸ் சென்சார்கள் தரும் வேகத்தையே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. ஒரு சக்கரத்தின் கணக்கு வரவில்லையென்றால் மூன்று வேலையையும் நிறுத்திவிடும்.

ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே திரையில் வைத்து, நேர்ச்சாலையில் 20-30 கி.மீ.யில் ஓட்டுங்கள். ஒன்று 0 காட்டினால் ஒயரோ சென்சாரோ. ஒயர் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் அருகே, வளைந்து வளைந்து நிமிரும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கும். வெளியே தோல் நன்றாகவே இருக்கும். வேகம் துள்ளித்துள்ளிக் காட்டினால் சென்சார் முனையில் இரும்புத்தூள். ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்டினால் சென்சார் சரி, டயர்தான் சிறியது!

அண்மையில் வீல் பேரிங் மாற்றினீர்களா? பல வண்டிகளில் காந்த வளையம் பேரிங்கின் ஒரு முகத்தில்தான் இருக்கும். பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்கு எதிரே காந்தமே இருக்காது. மாட்டும் முன் ஒரு பேப்பர் கிளிப்பை வைத்துப் பாருங்கள். ஒட்டுகிற முகம் சென்சாரைப் பார்க்க வேண்டும். இரண்டு ஒயர் போட்ட பழைய காயில் வகைச் சென்சாரை ஓம் மீட்டரில் அளக்கலாம். ஆயிரம் ஓம் வாக்கில் இருக்கும். புதிய எலெக்ட்ரானிக் சென்சாரை ஓம் மீட்டரில் அளந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மணலில் பத்து நிமிடம் முறுக்கிய பிறகு நான்கு சக்கர இயக்க விளக்கு மட்டும் வந்தால், கப்ளிங் சூடாகிவிட்டது. எஞ்சினை ஐடிலில் விட்டு ஆற விடுங்கள். தானாகப் போய்விடும்.

மேட்டில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை.

மேனுவல் என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சமதளத்தில் நான்காம் கியரில் 40 கி.மீ.யில் போகும்போது முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எழும்பி, வேக முள் பின்தங்கினால் தட்டு தேய்ந்துவிட்டது. இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்ய வேண்டாம். நான்கு சக்கரமும் பிடிக்கிற வண்டியில் டயர் வழுக்காது. எனவே கொண்டை ஊசியில் ஹாஃப் கிளட்ச்சில் தொங்கினால் சூடு முழுதும் கிளட்ச்சுக்கே. 4எல் இருக்கும் வண்டியில், சேற்று மேட்டில், அதைப் பயன்படுத்துங்கள். அது இருப்பதே கிளட்ச்சைக் காப்பாற்றத்தான். டஸ்டரில் லோ ரேஞ்ச் கிடையாது. அதற்குப் பதிலாக முதல் கியரை மிகக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். இரண்டாம் கியரில் மேட்டில் கிளப்புவது அந்த வண்டிக்கு ஆகாது.

கியர் விழும்போது கரகரக்கிறது. ஆயில் மாற்றிய பிறகுதான் ஆரம்பித்தது.

என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லைப் பாருங்கள். ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர எண்) கேட்கிற கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவது நம் ஊரில் சாதாரணம்; ‘எண் பெரிசு, ஆயிலும் உசத்தி’ என்ற நினைப்பு. ஜிஎல்-5-இல் இருக்கிற கூடுதல் கந்தக-பாஸ்பரஸ் மருந்து டிஃபரன்ஷியலின் கிரவுன் பற்களுக்கானது. பித்தளை சிங்க்ரோ வளையத்தை (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்துவது) அது அரிக்கும். வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் நான்குக்கும் நான்கு ஆயில் இருக்கலாம். கையேட்டில் தனித்தனியாகப் பாருங்கள். அதற்கு முன் ஒன்று: எஞ்சினை நிறுத்திவிட்டு கியர் போட்டால் வழுவழுவென்று விழுகிறதா? அப்படியானால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ஆயிலைக் குறை சொல்லாதீர்கள்.

ஆட்டோமேட்டிக்கில் 60-70 கி.மீ. வேகத்தில் லேசாக மிதித்தால் வண்டி நடுங்குகிறது.

சாலையில் போட்டிருக்கும் வரிவரியான வேகத்தடை மேல் போவது போல இரண்டு மூன்று நொடி நடுங்கி நின்றால், டார்க் கன்வர்ட்டரின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைப்பது) லாக்-அப் கிளட்ச்சாக (இரண்டையும் நேராகப் பூட்டுவது) இருக்கலாம். நடுங்கும்போது ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல், இடது காலால் பிரேக்கைப் பட்டும்படாமலும் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்தாலே லாக்-அப் விட்டுவிடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் லாக்-அப்தான். நிற்கவில்லையென்றால் எஞ்சின் மிஸ்ஃபயர். பிளக்கையும் காயிலையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

லாக்-அப் நடுக்கம் பல நேரம் ஆயிலை மாற்றினாலே போய்விடும். சரியான எண்ணுள்ள ஆயில் வேண்டும். ஒரு முறை வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும், மிச்சம் கன்வர்ட்டரில் நிற்கும். எனவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுவது நல்லது. ஒரு துளியை வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். சிவப்போ இளம் பழுப்போ பரவினால் சரி. கருத்து, நடுவில் துகள் நின்று, கருகிய வாசனை வந்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. அதற்கு ஆயில் மருந்தல்ல.

டி போட்ட பின் இழுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பாருங்கள். சூடான எஞ்சினில் ஒன்றேகால் நொடிக்குள் பிடிக்க வேண்டும், ஆர் என்றால் ஒன்றரை நொடிக்குள். அதற்கு மேல் போனால் ஆயில் குறைவு அல்லது அழுத்தம் குறைவு.

ஸ்கேனரில் பி-0700 வந்தது. கியர்பாக்ஸ் மாற்றச் சொல்கிறார்கள்.

அந்த எண்ணுக்கு ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்கிறது, போய்க் கேள்’ என்பது மட்டுமே பொருள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையே படிக்கும் ஸ்கேனரில் உண்மையான எண்ணைப் பாருங்கள். பி-0715 இன்புட் வேகச் சென்சார், பி-0720 அவுட்புட் வேகச் சென்சார்; இரண்டும் கழற்றாமலே மாற்றக்கூடியவையாக இருக்கலாம். பி-0730 கியர் விகிதம் பொருந்தவில்லை என்பது. உள்ளே உண்மையிலேயே வழுக்கல் இருக்கலாம், வேகச் சென்சார் பொய் சொல்லியும் இருக்கலாம். பி-0741 லாக்-அப் பிடிக்கவில்லை. யூ-0101 கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேச்சே நடக்கவில்லை.

சம்பந்தமில்லாத ஏழெட்டு எண்கள் ஒன்றாக வந்தால் பேட்டரியை அளங்கள். நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. குறைந்த மின்சாரத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் புலம்பும்.

பின் சக்கரம் இழுக்கவே இல்லை என்று சந்தேகம். விளக்கு எதுவும் எரியவில்லை.

ஈரப் புல்லிலோ தளர்ந்த மணல் சரிவிலோ கிளப்புங்கள். பக்கத்தில் ஒருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். முன் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, பின் சக்கரம் அசையாமல் இருந்தால் சந்தேகம் உண்மை. ஹால்டெக்ஸின் ஐந்தாம் தலைமுறையில் இது அடிக்கடி வரும் நோய். கிளட்ச் தூள் பம்ப் முனையிலுள்ள சிறு வலையை அடைத்துவிடும்; பம்ப் திணறித் திணறி எரியும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும், அதுவும் ஒரு லிட்டருக்கும் குறைவுதான். ஆனால் ஆயிலை வடித்து ஊற்றினால் மட்டும் வலை சுத்தமாகாது. பம்ப்பைக் கழற்றி வலையைக் கழுவ வேண்டும். சர்வீஸ் பில்லில் ‘கப்ளிங் ஆயில்’ என்று இருந்தால், பம்ப்பைக் கழற்றினார்களா என்று கேளுங்கள்.

ஜிம்னி போல வாக்குவம் ஹப் (காற்றை உறிஞ்சி முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டுவது) உள்ள வண்டியில் 4எச் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், முன் சக்கரத்துக்குப் போகும் வாக்குவம் குழாயில் விரிசல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஃபார்ச்சூனர் போல மோட்டார் மூலம் மாறும் வண்டியில், வருடக்கணக்கில் 4எச் போடாமல் விட்டால் மோட்டார் இறுகிவிடும். மாதம் ஒரு முறை 16 கி.மீ.யாவது போட்டு ஓட்டச் சொல்வது டொயோட்டாவின் வழக்கம். மண் சாலையாகப் பார்த்து ஓட்டுங்கள்.

வெள்ளத்தில் ஓட்டிவிட்டேன். என்ன பார்க்க வேண்டும்?

2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னை பார்த்தது போன்ற தண்ணீரில் ஆக்ஸில் மூழ்கினால், எஞ்சின் தப்பித்தாலும் டிஃபரன்ஷியல் தப்பியதாகச் சொல்ல முடியாது. ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி உறிஞ்சும். மேலே இருக்கும் பிரீதர் (காற்று போய்வரும் துளை) அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் போகும். பிரீதரே மூழ்கியிருந்தால் அதன் வழியாகவே போகும். ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போல் இருந்தால் அன்றே வடியுங்கள். மலிவான ஆயில் ஊற்றி ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து, பிறகு சரியான ஆயிலை ஊற்றுங்கள். ஒரு மாதம் தள்ளினால் பேரிங்கில் துரு ஏறிவிடும்.

டிஃபரன்ஷியல் ஆயிலை நானே மாற்றலாமா?

மாற்றலாம். வண்டி சமமாக நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. வடிக்கும் பிளக்கைத் தொடும் முன் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது இறுகி மழுங்கியிருந்து, நீங்கள் ஆயிலை வடித்துவிட்டிருந்தால், வண்டி அங்கேயே படுத்துவிடும். ஓடிச் சூடாக இருக்கும்போது வடியுங்கள். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல் ஒட்டியிருந்தால் இயல்பு. விரலில் குத்துகிற சில்லோ பல்லின் துண்டோ இருந்தால் ஹவுசிங்கைத் திறந்தாக வேண்டும். துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழிய ஆரம்பிக்கும் வரை ஊற்றி, புது வாஷர் போட்டு மூடுங்கள்.

வண்டி நின்றுவிட்டால் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துப் போகலாமா?

கூடாது. பின் சக்கரம் உருண்டால் ஷாஃப்ட் சுற்றும், கப்ளிங் சுற்றும், ஆயில் ஓட்டம் இல்லாமல் காயும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைக் கேளுங்கள். இரண்டு சக்கரத்தை மட்டும் சுற்றிவிடும் ரோலர் பிரேக் சோதனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: எப்போதும் நான்கும் இழுக்கிற வண்டி என்று இயந்திரத்தை இயக்குபவரிடம் ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். ரோலர் ஓர் ஆக்ஸிலைச் சுற்ற ஆரம்பித்தால், தரையில் நிற்கும் மற்ற ஆக்ஸிலும் சேர்ந்து சுற்றி வண்டியை ரோலரிலிருந்து இறக்கி முன்னால் தள்ளிவிடும்.